அழைத்தவர் யார்?

வரலாறு எழுதுவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. கோயில் ஒன்று எழுந்தால் கட்டுவித்த மன்னன் பெயரைக் கல்லில் பொறிப்பர். கல் சுமந்தவன் பெயரைக் காற்றில் விடுவர். சமயங்களின் வரலாறும் இவ்வழக்கத்திற்கு விலக்கன்று. தென்தமிழகத்தில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேரூன்றிய கதையைப் படிக்கத் தொடங்கினால் சீகன்பால்கு, சுவார்ட்ஸ், ரிங்கல்தௌபே, மீட், கால்டுவெல், அசரியா என்று பெரும்பெயர்கள் அடுத்தடுத்து வரும். அவர்கள் பெருமையைக் குறைத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவ்வரலாற்றைச் சற்று உற்று நோக்குவார்க்கு ஒரு வினா எழாமற் போகாது. இப்பெரியோர் பலர் ஓர் ஊருக்கு வருமுன்னரே அங்கு ஒரு சிறு கூட்டம் காத்திருந்தது. அக்கூட்டத்தைக் கூட்டியவர் யார்? பெரியவரை அழைத்தவர் யார்?

இவ்வினாவிற்கு விடை தேடினால் கிடைப்பவர்கள் ஒரு கைம்பெண், ஓர் உழவர், அடுப்படியில் நின்ற தாய்மார். பட்டமோ பதவியோ இல்லாதவர்கள். இறைவன் எளியோரைக் கொண்டே அரியன செய்விப்பான் என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. அதனை விளக்க மறைநூலிலிருந்து தாவீதின் கவணையும் மோசேயின் கோலையும் எடுத்துக்காட்டுவது போதகர் மரபு. ஆனால் அவ்விருவரும் பின்னர் தலைவராகப் புகழ்பெற்றவர்கள். இங்கே கூறப்போகும் செய்திக்கு அவர்களினும் பொருத்தமான சான்று, பழைய ஏற்பாட்டில் வரும் பெயரில்லாச் சிறுமி ஒருத்தி. சீரியா நாட்டுப் படைத்தலைவன் நாகமானுக்குக் குட்டநோய் கண்டது. போரில் சிறைபிடிக்கப்பட்டு அவன் மனைவிக்கு ஏவல் செய்துவந்த இசுரவேல் சிறுமி, தன் நாட்டில் ஒரு தீர்க்கதரிசி உண்டு, அவரிடம் சென்றால் நோய் தீரும் என்று தன் தலைவியிடம் சொன்னாள். அவ்வளவே அவள் செய்தது. பின்னர் மன்னன் ஓலை எழுதினான், தேர்கள் புறப்பட்டன, எலிசா பெயர் நின்றது, நாகமான் பெயர் நின்றது. எல்லாவற்றையும் தொடங்கிவைத்த சிறுமியின் பெயர் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. தமிழகத்து வரலாற்றிலும் இச்சிறுமியின் சாயல் பலமுறை தென்படுகின்றது.

சீகன்பால்கு 1706 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார் என்பதும், அங்கு நிறுவப்பெற்ற அச்சகத்தில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது என்பதும் தமிழாசிரியர் பலரும் அறிந்த செய்திகள். ஆனால் தஞ்சை அரசின் எல்லைக்குள் அந்நாளில் ஐரோப்பியப் போதகர் எளிதில் நுழைய இயலவில்லை. ஆள் நுழைய முடியாத இடத்தில் நூல் நுழைந்தது. தஞ்சைப் படையில் பணிபுரிந்த ராசநாயக்கன் என்னும் ஒடுக்கப்பட்ட குலத்து வீரர் கையில் அந்நற்செய்தி நூல் ஒன்று கிடைத்தது. அவர் அதனைப் படித்தார், உடனிருந்தோர்க்கும் படித்துக்காட்டினார். பின்னர் 1727 ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்குத் தாமே சென்று போதகரைக் கண்டார். தஞ்சையில் சபைக்கு வித்திட்டவர், எழுத்தறிந்த ஒரு படைவீரர். தமிழ் கற்பிப்போர் இதனை மனத்திற் கொள்ளலாம்: அவரிடம் இருந்த தகுதி வாசிக்கத் தெரிந்தது ஒன்றே.

பாளையங்கோட்டைக் கைம்பெண்

அடுத்தவர் ஓரளவு புகழ்பெற்றவர். தஞ்சை மராட்டிய அந்தணர் குடும்பத்தைச் சேர்ந்த கோகிலா என்னும் இளம் கைம்பெண்ணை, உடன்கட்டை ஏறுவதினின்று லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் மீட்டார் என்பது வழிவழி வழங்கிவரும் வரலாறு. அவருடன் வாழ்ந்த கோகிலா, பின்னர் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவரிடமிருந்தே கிறிஸ்தவ சமயத்தையும் அறிந்தார். தஞ்சையிலிருந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் வேண்டியபோது, முறைப்படி மணம் புரியாமல் வாழும் வாழ்க்கையைக் காரணங்காட்டி அவர் மறுத்துவிட்டார். பிறந்த குலத்தார் ஏற்கார். புகவந்த சபையாரும் ஏற்கவில்லை. வேறொருவராயின் அத்துடன் அமைந்திருப்பர். கோகிலா அமையவில்லை. லிட்டில்டன் இறந்த பின், 1778 ஆம் ஆண்டு பிப்ரவரி 25 ஆம் நாள் சுவார்ட்ஸ் ஐயரே அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தாள் என்பது அவர் பெற்ற புதுப்பெயர்.

இரண்டாண்டுக்குப் பின் 1780 இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் உள்ளன. முதற்பெயர் கிளாரிந்தாளுடையது. ஐரோப்பியப் போதகர் எவரும் அவ்வூரில் தங்கி இருந்ததில்லை என்பதை நினைவில் வைத்து இப்பட்டியலைப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். தம் செல்வத்தைக் கொண்டும் ஆங்கில அலுவலர் இருவரின் உதவி பெற்றும் அவ்வம்மையார் ஒரு சிறு கோயிலை எழுப்பினார். 1785 ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ் வந்து அதனைப் பிரதிட்டை செய்தார். பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கொடியேற்றியது இதற்கு மறுஆண்டில் என்று எண்ணிக்கொண்டால் காலம் மனத்தில் பதியும். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்ற அச்சபையின் வேண்டுகோளின் பயனாகத் தஞ்சையிலிருந்து சத்தியநாதன் என்னும் தமிழ் உபதேசியார் அனுப்பப்பட்டார். 1790 ஆம் ஆண்டு டிசம்பரில் குருப்பட்டமும் பெற்ற அவரே திருநெல்வேலிச் சபையை வளர்த்தவர். நாவலாசிரியர் ஆ. மாதவையா 1915 ஆம் ஆண்டில் இவ்வம்மையாரைத் தலைவியாக வைத்து ‘கிளாரிந்தா’ என்னும் ஆங்கிலப் புதினம் ஒன்று எழுதினார். கிறிஸ்தவரல்லாத ஒருவர் மனத்தையும் அவ்வாழ்க்கை ஈர்த்தது என்பதற்கு அதுவே சான்று.

கிளாரிந்தாளிடம் பணம் இருந்தது. ஆங்கிலேயர் பழக்கம் இருந்தது. ஆகவே அவரை முழுதும் ‘எளியவர்’ என்று கூறல் பொருந்தாது என்று வாதிடுவோர் உண்டு. வாதம் சரியே. அடுத்து வருபவரிடம் அவ்விரண்டில் ஒன்றும் இல்லை.

மயிலாடி உழவர்

கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலுக்கும் குமரிமுனைக்கும் இடையே மயிலாடி என்னும் ஊர் இருக்கின்றது. கற்சிற்பிகளின் கைத்திறத்தால் இக்காலத்தில் பெயர்பெற்ற ஊர். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. அங்கு வாழ்ந்த மகாராசன் என்பவர் சாம்பவர் குலத்து உழவர். பெயரில்தான் மகாராசன். பொதுவழியில் நடக்கவும் அச்சம், கோயில் வாயிலை அணுகவும் தடை என்ற நிலையில் அக்குலத்தாரை அந்நாளைய சமுதாயம் வைத்திருந்தது.

மகாராசன் பக்தர். தம் மருமகனுடன் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையைப் பயிற்றும் ஆசிரியர்க்கு இவ்விடத்தில் நெஞ்சம் ஒருகணம் நிற்கும். ஆதனூரில் பிறந்த நந்தனார் தில்லைக்குப் போக ஏங்கிய அதே ஏக்கம், பல நூற்றாண்டு கழித்து, அதேபோன்ற குலத்தில் பிறந்த வேறோர் உழவரையும் நடக்கவைத்தது. நடை என்றால் சிறு நடையன்று. மாக் மண்டினில் நிலப்பட வகுப்பு நடத்தும் ஆசிரியர் மாணவர்க்கு இதனை எளிதில் காட்டலாம்: அங்கிருந்து கோலாலம்பூர் வரை உள்ள தொலைவைக் காட்டிலும் மயிலாடிக்கும் தில்லைக்கும் இடைப்பட்ட தொலைவு அதிகம். வண்டியும் இல்லை, வழியில் எவர் வீட்டுத் திண்ணையிலும் அமரும் உரிமையும் இல்லை.

திரும்பும் வழியில் தஞ்சைப் பகுதியில் உறவினரைக் காண அவர் தங்கினார். அவ்வுறவினர் கிறிஸ்தவராகியிருந்தனர். அங்கே கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டார். கோலாப் தரங்கம்பாடியிலேயே பிறந்து, சுவார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவர். தமிழ் அவருக்குத் தாய்மொழிபோல. கேட்ட சொல் நெஞ்சில் தைத்தது. 1799 ஆம் ஆண்டில் மகாராசன் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

இதற்கு மேல் நடந்ததே கவனித்தற்குரியது. அவர் மயிலாடிக்குத் திரும்பினார். அங்கே கோயில் இல்லை, போதகர் இல்லை, சமயத்தின் பெயரறிந்தாரும் இல்லை. தம் வீட்டிலேயே வழிபாட்டைத் தொடங்கினார். சுற்றத்தார் சிலர் வந்து சேர்ந்தனர். நிலக்கிழார் முதலானோரின் பகையும் உடன் வந்தது. துன்பம் பொறுக்கமாட்டாமல் ஊரையே விட்டுத் தஞ்சைப் பக்கம் குடிபெயர்ந்துவிடலாமா என்றுகூட அக்குடும்பங்கள் எண்ணின. வேதமாணிக்கம் மீண்டும் தஞ்சைக்குச் சென்று கோலாப் ஐயரிடம் முறையிட்டார். போதகர் ஒருவரை அனுப்புமாறு வேண்டினார்.

அவ்வேளையில் இலண்டன் மிஷனரி சங்கத்தால் அனுப்பப்பட்ட ரிங்கல்தௌபே என்னும் செருமானியர் தரங்கம்பாடியில் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். எங்குச் சென்று பணிபுரிவது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. தென்கோடியிலிருந்து வந்த அழைப்பு அவர் வழியை முடிவு செய்தது. 1806 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அவர் திருவிதாங்கூரில் நுழைந்து மயிலாடியை அடைந்தார். கோயில் கட்டத் திவான் வேலுத்தம்பி இசைவு தரவில்லை. அவர் காலத்திற்குப் பின்னரே இசைவு கிட்டி, 1809 ஆம் ஆண்டில் மயிலாடியில் கோயில் எழுந்தது. அவ்வூரில் பள்ளியும் தொடங்கப்பட்டது.

ரிங்கல்தௌபே வியத்தற்குரிய மனிதர். கையில் கிடைத்த சம்பளத்தை ஏழைகட்குக் கொடுத்துவிட்டுக் குடிலில் வாழ்ந்தவர். ஆனால் உடல்நலம் இடந்தரவில்லை. 1816 ஆம் ஆண்டில் அவர் விடைபெற்றபோது, சபையைக் கண்காணிக்கும் பொறுப்பு வேதமாணிக்கத்தின் தோளில் வந்தது. தம் அங்கியையே எடுத்து அவருக்கு ரிங்கல்தௌபே அணிவித்தார் என்பர். கப்பலேறிச் சென்ற ரிங்கல்தௌபேயின் முடிவு எவ்வாறு நேர்ந்தது என்பது இன்றளவும் துலங்காத புதிர். மீட் ஐயர் 1818 ஆம் ஆண்டில் வந்து சேரும்வரை அச்சபைகளைக் கட்டிக்காத்தவர் உழவர் வேதமாணிக்கமே. தொடங்கியவரும் அவர், இடைவெளியில் அறுந்துபோகாமல் பிடித்துநின்றவரும் அவர்.

பின்வந்த பயன்கள் சிறியன அல்ல. 1819 ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் நிறுவப்பெற்ற செமினாரியே பின்னர் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அச்சகம் வந்தது. மால்ட் அம்மையார் பெண்களுக்குப் பின்னல்வேலை கற்பிக்க, அடிமைப் பெண்டிர் சிலர் அவ்வூதியத்தைக் கொண்டே தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். 1838 இல் நெய்யூரில் மருத்துவப்பணி தொடங்கியது. தோள்சீலை உரிமைக்கான நெடும்போராட்டம் 1859 ஆம் ஆண்டு அரச ஆணையில் ஒருவகை முடிவு கண்டது. இவையனைத்தையும் ஒரே உழவர் கணக்கில் எழுதிவிடுவது மிகையாகும். அப்பகுதி மக்களின் தன்மான எழுச்சிக்குச் சபைக்கு வெளியிலும் பெரும் ஊற்று ஒன்று இருந்தது. மயிலாடிக் கோயில் எழுந்த அதே 1809 ஆம் ஆண்டில் பிறந்த வைகுண்டசுவாமிகள் சாமித்தோப்பிலிருந்து ஊட்டிய உணர்வை மறந்துவிட்டு அந்நாட்டு வரலாற்றை எழுதமுடியாது. எனினும் செமினாரியும் அச்சகமும் நெய்யூர் மருத்துவமனையும் அமைந்த வழி, ஓர் உழவர் தஞ்சைக்கு நடந்த வழியின் நீட்சியே என்பதில் ஐயமில்லை.

ஒரு சொல்லின் தலைமாற்றம்

இவ்வரலாற்றில் சொல்லாராய்ச்சி செய்வார்க்கு ஒரு விருந்து கிடக்கின்றது. ‘ஊழியம்’ என்னும் சொல்லைப் பாருங்கள். தொண்டு, பணிவிடை என்பது அதன் பொதுப்பொருள். திருவிதாங்கூரில் அந்நாளில் அச்சொல் ஓர் அச்சத்தைச் சுமந்து நின்றது. அரசுக்கும் மேலோர்க்கும் கூலியின்றிச் செய்தாகவேண்டிய கட்டாய வேலைக்கு அங்கு ஊழியம் என்றே பெயர். சுமை தூக்க, விறகு வெட்ட, சாலை போட என்று அதிகாரி ஆளனுப்பினால், தன் வயலில் நாற்று வாடினாலும் போயாகவேண்டும். கிறிஸ்தவரான ஏழைகள் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்தினின்று விலக்குப் பெற்றது அவர்க்குப் பெரிய விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அதே மக்கள் தம் கோயிலில் வேறொரு பொருளில் இச்சொல்லைக் கேட்டனர். இறைவனுக்குச் செய்யும் பணி ஊழியம்; அதனைச் செய்பவர் ஊழியர். ஆறு நாள் முதுகை வளைத்த சொல், ஏழாம் நாள் தலையை நிமிர்த்தியது. கட்டாயம் என்றிருந்தது விருப்பம் ஆயிற்று. இழிவு என்றிருந்தது பெருமை ஆயிற்று. எளியோரை இறைவன் பயன்படுத்துகிறான் என்று போதகர் கூறியதை, வேதமாணிக்கத்தின் சுற்றத்தார் எவ்வாறு கேட்டிருப்பர் என்பதை இச்சொல்லின் வழியே ஓரளவு உணரலாம். பிறர் தம்மைப் பயன்படுத்துவது என்னவென்று அவர்கள் நன்கறிந்தவர்கள். பெயர் சொல்லி அழைத்து, இசைவு கேட்டுப் பயன்படுத்தும் தலைவன் ஒருவன் உண்டு என்பதே அவர்க்குப் புதிது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தோட்ட ஊழியர், அரசாங்க ஊழியர் என்று இச்சொல் சம்பளத்துடன் சேர்ந்து வழங்கத் தொடங்கியதால் இப்பழைய கசப்பும் இனிப்பும் இரண்டுமே இன்றைய செவிக்கு எட்டுவதில்லை.

பிடி அரிசி

மூன்றாவது சான்றில் தனியொருவர் பெயர் கூட இல்லை. திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஊர்களில் பிடி அரிசி என்னும் வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும், களையுமுன் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அதற்கென வைத்த கலயத்தில் போடுவர். வாரக் கடைசியில் கலயத்து அரிசி கோயிலுக்குப் போகும். எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகச் சேர்த்து விற்கப்பட்டுப் பணமாகும்.

பார்வைக்கு இது விளையாட்டுப்போல் தோன்றும். ஆனால் இதன் அமைப்பில் நுட்பம் உண்டு. தேரிக்காட்டு ஊர்களில் காசு கண்ணில் படுவது பதநீர்க் காலத்தில்தான். மற்ற மாதங்களில் காணிக்கை கேட்டால் வெறுங்கையே நீளும். சோறு பொங்குவது மட்டும் நாள்தோறும் நடப்பது. ஆகவே கொடையைக் காசோடு கட்டாமல் அடுப்போடு கட்டினர். அளந்த அரிசியில் ஒரு பிடி குறைந்தால் வீட்டில் எவரும் அறியார். அறிபவள் எடுத்த தாய் ஒருத்தியே. பெரும்பாலும் அவள் பங்குதான் குறைந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். கணவனிடம் கேட்காமல், கணக்கரிடம் கையொப்பம் வாங்காமல், தன் சொந்த அதிகாரத்தில் ஒரு பெண் கொடுக்கக்கூடிய கொடை அந்நாளில் அதுபோல் வேறு இருந்ததா என்பது ஐயமே. இந்தியாவின் வடகிழக்கு எல்லையில் மிசோ மக்களிடையே 1910 ஆம் ஆண்டில் இதுபோன்ற பிடி அரிசி வழக்கம் தோன்றி, அச்சபைகளின் பெரும்பணிகளுக்கு ஊற்றாக இன்றும் விளங்குகின்றது.

வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரின் குருவானவர் மகனாக 1874 ஆம் ஆண்டில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இத்தகைய சூழலில் வளர்ந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றும், இறுதித் தேர்வு நேரத்தில் நோய்வாய்ப்பட்டதால் பட்டம் பெறவில்லை. 1902 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தச் செலவில் வெளியிடங்களுக்கு ஊழியரை அனுப்பிவருவதைக் கண்டார். எண்ணிக்கையில் அவர்களினும் பன்மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை அவ்வாறு எதுவும் செய்யவில்லையே என்ற எண்ணம் அவரை வருத்தியது. மறுஆண்டு, 1903 பிப்ரவரி 12 ஆம் நாள், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. பணமும் இந்தியருடையது, ஆளும் இந்தியர், ஆட்சியும் இந்தியருடையது என்பது அதன் கொள்கை. மேனாட்டுப் பணத்தை எதிர்பார்த்தே எல்லாம் நடந்துவந்த காலத்தில் இக்கொள்கை துணிவு மிக்கது. துணிவிற்கு அடியில் நின்றது கலயத்து அரிசி.

1904 ஆம் ஆண்டில் சாமுவேல் பாக்கியநாதன் முதல் ஊழியராக ஐதராபாத் நிசாம் நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பப்பட்டார். பனங்காட்டுத் தமிழருக்குத் தெலுங்கு நாடு அயல்நாடேயாகும். மொழி வேறு, உணவு வேறு, வெயில் வேறு. 1909 இல் குருப்பட்டம் பெற்று அசரியாவும் அங்கே சென்றார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடியைக் கையிலெடுத்தார். 1912 டிசம்பர் 29 ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பேராயராக அபிடேகம் பெற்றபோது, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

இங்கு வரலாற்று நூல்கள் அசரியாவை மேடையில் நிறுத்தி விளக்கை அவர்மேல் திருப்பும். அவரோ விளக்கைத் திருப்பிவிட்டார். சமயத்தைப் பரப்புவது சம்பளம் வாங்கும் போதகர் வேலை என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. திருச்சபையில் சேர்வோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, தாம் கேட்டதைப் பிறர்க்குச் சொல்லுவது தம் கடமை என்று உறுதிகூறும் வழக்கத்தை ஏற்படுத்தினார். உறுதி கூறியோர் யாவர்? பெரும்பாலோர் மாலா, மாதிகர் குலத்துக் கூலியாட்கள், எழுத்தறியாதவர்கள். அவர்கள் செய்ததும் அவர்களால் இயன்றதே. களையெடுக்கும் வயலிலும் திருமண வீட்டிலும் தம் உறவினர்க்குத் தாம் அறிந்ததைச் சொன்னார்கள். 1945 ஆம் ஆண்டு தொடக்கத்தில் அசரியா மறைந்தபோது தோர்ணக்கல் மறைமாவட்டத்துக் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரு பேராயர் எத்துணை ஓயாது சுற்றினாலும் இத்தனைபேர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசியிருக்க இயலாது.

மறுக்கத்தக்க ஓர் ஐயம்

இவற்றையெல்லாம் இறைவன் செயல் என்பதா, சமுதாயக் காரணங்களின் விளைவு என்பதா என்று கேட்போர் உண்டு. ஒடுக்கப்பட்டவர்கள் வரிச்சுமைக்கும் கட்டாய ஊழியத்திற்கும் அஞ்சியே கிறிஸ்தவராயினர். பள்ளிக்கூடத்தையும் பாதுகாப்பையும் நாடியே வந்தனர் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. ரிங்கல்தௌபேயே தம்மிடம் வருவோரின் நோக்கத்தைப் பற்றி ஐயுற்றவர்தாம். ஆனால் இவ்வாதம் பின்வந்தோர்க்குப் பொருந்துமளவு முன்வந்தோர்க்குப் பொருந்தாது. மகாராசன் வேதமாணிக்கம் ஆகித் திரும்பியபோது மயிலாடியில் பள்ளி இல்லை, பாதுகாப்பு இல்லை, பரிந்துபேச வெள்ளையரும் இல்லை. புதிதாகக் கிடைத்தது பகை ஒன்றே. ஏழாண்டு அந்நிலையில் அவர் நின்றார். கோகிலா ஞானஸ்நானம் கேட்டபோது கிடைத்தது மறுப்பு. பிடி அரிசி எடுத்த தாய்க்குக் கிடைத்தது ஒரு பிடி குறைந்த சோறு. ஆதாயக் கணக்கைக் கொண்டு இம்மூன்றையும் விளக்க முயல்பவர்க்குக் கணக்கு உதைக்கும். நம்பிக்கையுள்ளவர் இதனை இறைவன் அழைப்பு என்பர். அச்சொல்லை ஏற்காதவரும், இங்கே விளக்கம் வேண்டும் ஒன்று இருக்கின்றது என்பதையாவது ஒப்புக்கொள்ளவேண்டும்.

மற்றொன்றையும் மறைப்பதற்கில்லை. எளியோர் தொடங்கிய சபைகளில் எளியோர்க்கு எப்பொழுதும் முன்னிடம் கிடைத்துவிடவில்லை. தஞ்சைச் சபையில் சாதிக்கொரு பக்கமாக அமர்ந்த வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை மாற்றமுயன்ற போதகர்களை எதிர்த்து நின்றவர்களுள் வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரும் இருந்தார். மேனாட்டுச் சங்கங்களுக்குச் சென்ற அறிக்கைகளில் தமிழ் உபதேசியார் பலர் ‘உள்ளூர் உதவியாளர்’ என்ற அளவிலேயே நின்றுவிட்டனர். இறைவன் பயன்படுத்தியவரை மனிதர் மறந்துவிடுவது எளிது என்பதற்குச் சபை வரலாறே சான்று.

மலாயாவின் தோட்டங்களிலும் இக்கதை வேறு உருவில் நடந்திருக்கின்றது. பால்மரக்காட்டு லயன்களில் குடியேறிய தமிழருள் கிறிஸ்தவரும் இருந்தனர். பட்டம் பெற்ற குருவானவர் மாதம் ஒருமுறை வந்தாலே அரிது. மற்ற ஞாயிறுகளில் வேதப்புத்தகம் வாசிக்கத் தெரிந்த கிராணியோ, தோட்டப்பள்ளி ஆசிரியரோ, மரஞ்சீவும் தொழிலாளி ஒருவரோ முன்நின்று ஜெபம் நடத்துவர். இன்று கற்கோயிலாக நிற்கும் சபைகள் சிலவற்றிற்கு வேர் அத்தகைய லயன் திண்ணைகளே. அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிவைக்க வேண்டிய முதியோர் இன்னும் சிலரேனும் உள்ளனர். பள்ளி மாணவர்க்குக் கட்டுரைப் பொருள் தேடும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல பொருள் கிடைப்பதரிது.

பாளையங்கோட்டையில் கிளாரிந்தாள் எழுப்பிய கோயிலுக்கு ஊரார் வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பது. உதவிய ஆங்கில அலுவலர் பெயரையும், பிரதிட்டை செய்த சுவார்ட்ஸ் பெயரையும் விட்டுவிட்டு அப்பெயரையே மக்கள் நாவு பற்றிக்கொண்டது. மயிலாடிக் கோயிலோ ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவாலயம் என்று வழங்குகின்றது. உழவர் பெயரும் அதில் இடம்பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. வந்த வரிசைப்படி எழுதுவதானால் அதுவே முதலில் நின்றிருக்கும்.